‘4’ என்று சொன்னது யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை எடுத்திருக்கிறேன். எழுதிய மூவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு அமைப்புகளைப் பராமரிப்பவர்கள். ஆனால் மூவரையும் தூங்கவிடாமல் வைத்திருப்பது மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) திருப்பித் தரும் ஒரே எண்தான்: 4. முதல் கடிதத்துக்கு அதிக இடம் தருகிறேன். நாற்பது வரிக்கு மேல் விவரம் எழுதி, நிரலின் ஒரு பகுதியையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். அப்படி அனுப்புகிறவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது.

மேடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் மெயின்ஃபிரேமைப் பார்த்துக்கொள்ளும் குழுவில், சிறுசேரியில் வேலை செய்கிறேன். இயங்குதளம் இசட்ஓஎஸ்; கொடுக்கும் வேலைகளையும் (ஜாப்களையும்) அவற்றின் வெளியீட்டையும் கவனிக்கும் துணை அமைப்பு, அதாவது சப்சிஸ்டம், ஜெஸ்2. ஸ்பூலில் (வெளியீடு காத்திருக்கும் வட்டு இடத்தில்) சேரும் அறிக்கைகளை எடுத்துக் காப்பகத்தில் போட ஒரு பழைய அசெம்ப்ளர் புரோகிராம் இருக்கிறது. சப்சிஸ்டங்களை அழைப்பதற்கான சப்சிஸ்டம் இன்டர்ஃபேஸ் வழியாக 79ஆம் எண் செயலை அழைத்து அறிக்கைகளை எடுக்கும். பல வருடமாகச் சரியாக ஓடியது. மூன்று வாரமாக ஒரு அறிக்கைகூட எடுக்கவில்லை. ‘ஆர்சி=04’ (ரிட்டர்ன் கோட் 4) என்று ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக முடிந்துவிடுகிறது. ஸ்பூலைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப்-இல் பார்த்தால் அறிக்கைகள் அங்கேயே குவிந்து கிடக்கின்றன. ஜெஸ் குழு, ‘4 என்றால் எடுக்க வேறு எதுவும் இல்லை, உங்கள் தேர்வு நிபந்தனை தவறு’ என்கிறது. இசட்ஓஎஸ் குழு, ‘4 என்றால் இந்தச் செயலை அந்த சப்சிஸ்டம் செய்வதில்லை, ஜெஸ்2-இல்தான் கோளாறு’ என்கிறது. இருவருமே கையேட்டைக் காட்டுகிறார்கள். புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. அது சீக்கிரம் தொடங்கட்டும் என்று ஸ்டார்ட் கட்டளையில் மட்டும் சப்=எம்எஸ்டிஆர் என்று சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தால், வெளியீட்டை ஸ்பூலுக்கு அனுப்பும் சிஸ்அவுட் டிடி வரி ஏறாது என்று அதை டேட்டாசெட்டாக (சாதாரணக் கோப்பாக) மாற்றினார்கள். அவ்வளவுதான். யார் சொல்வது சரி?

இருவர் காட்டும் கையேட்டுப் பக்கமும் சரிதான். ஆனால் இந்த 4-ஐச் சொன்னது யார் என்று இருவருமே கேட்கவில்லை. நீங்கள் ‘அவ்வளவுதான்’ என்று முடித்த அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் விடை இருக்கிறது. அதற்கு முன், இரண்டு 4 எப்படி வந்தன என்பதைப் பார்த்துவிடலாம்.

சப்சிஸ்டம் இன்டர்ஃபேஸை அழைத்தால் திரும்பி வருவது ஒரு பதில் இல்லை, இரண்டு. ஒன்று ப்ராசசருக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் 15-இல் வரும். இன்னொன்று நீங்கள் அனுப்பிய எஸ்எஸ்ஓபி என்ற கட்டுப்பாட்டுத் தொகுதிக்குள் எஸ்எஸ்ஓபிரெட்டன் என்ற இடத்தில் எழுதப்பட்டு வரும். இதை என் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் பதிவுத் தபாலை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். ரிஜிஸ்டர் 15-இல் இருப்பது தபால்காரர் சொல்வது. எஸ்எஸ்ஓபிரெட்டனில் இருப்பது வீட்டுக்காரர் எழுதிய பதில். தபால்காரர் 0 என்றால், கடிதத்தைக் கொடுத்துவிட்டேன், அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பிரித்துப் பாருங்கள் என்று பொருள். 8 என்றால் வீடு இருக்கிறது, பூட்டியிருக்கிறது. அதாவது சப்சிஸ்டம் வரையறுக்கப்பட்டிருக்கிறது, இயக்கத்தில் இல்லை. 12 என்றால் அந்தப் பெயரில் வீடே இல்லை. 4 என்றால் வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஆனால் நீங்கள் கேட்கும் வேலையை அந்த வீட்டில் செய்வதில்லை. 20 என்றால் நீங்கள் ஒட்டிய உறையே தவறு. எஸ்எஸ்ஓபி-யின் அல்லது எந்த சப்சிஸ்டம் என்று சொல்லும் எஸ்எஸ்ஐபி-யின் நீளமோ வடிவமோ சரியில்லை.

தபால்காரர் 0 தவிர வேறு எதைச் சொன்னாலும் வீட்டுக்காரரின் பதில் என்று ஒன்று கிடையாது. எஸ்எஸ்ஓபிரெட்டனில் அப்போது இருப்பது போன முறை எழுதியதாகவோ நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்ததாகவோ இருக்கலாம். அதைப் படிக்கவே கூடாது.

79-ஐப் பொறுத்தவரை வீட்டுக்காரர், அதாவது ஜெஸ்2, தன் பதிலில் 4 என்று எழுதினால் உங்கள் நிபந்தனைக்குப் பொருந்துகிற அறிக்கை இனி இல்லை என்று பொருள். அது பிழையே அல்ல. ஒவ்வொரு நாளும் வேலை முடியும்போது வருகிற சாதாரணச் செய்தி. தபால்காரர் சொல்லும் 4-ஓ வேலையே தொடங்கவில்லை என்கிறது. ஒரே எண், நேர் எதிரான இரண்டு நிலை.

இப்படிக் குழப்பமாக ஏன் வைத்தார்கள் என்று கோபப்படாதீர்கள். 4, 8, 12 என்று நான்கு நான்காக ஏறும் வழக்கம் சிஸ்டம்/360 காலத்து அசெம்ப்ளரிலிருந்து வருகிறது. தாவல் கட்டளை ஒன்றின் நீளம் 4 பைட். திரும்பி வந்த எண்ணை அப்படியே தாவல் பட்டியலின் தொடக்கத்தோடு கூட்டினால் சரியான கட்டளைக்குப் போய்விடலாம்; பெருக்க வேண்டாம், ஒப்பிட வேண்டாம். அதனால் எந்தக் குழு எந்த நிரலை எழுதினாலும் தன் முதல் ‘இல்லை’க்கு 4 என்றுதான் வைத்தது. இரண்டு அடுக்கு ஏன் என்றால் அதற்கும் காரணம் உண்டு. இசட்ஓஎஸ்-இன் முன்னோடியான எம்விஎஸ் வந்தபோது ஜாப்களைக் கவனிக்க இரண்டு துணை அமைப்புகள் இருந்தன. ஹூஸ்டனில் நாசாவுக்கான பணியில் இருந்த ஐபிஎம் நிரலாளர்கள் எழுதிய ஹாஸ்ப் ஜெஸ்2 ஆனது. ஏஎஸ்பி என்ற இன்னொன்று ஜெஸ்3 ஆனது. (ஜெஸ்2-இன் செய்திகள் இன்றும் ஹாஸ்ப் என்ற பெயரோடுதான் வருகின்றன, நீங்கள் தினமும் பார்ப்பீர்கள்.) உள்ளே எது இருந்தாலும் வாசல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டியதுதான் சப்சிஸ்டம் இன்டர்ஃபேஸ். வாசலில் நிற்பவர் சொல்லும் எண்கள் எல்லா வீட்டுக்கும் பொது. உள்ளிருந்து வரும் எண்கள் அந்தந்தச் செயலுக்கு உரியவை.

சரி, உங்கள் நிரலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பகுதியில், அழைப்பு முடிந்ததும் ரிஜிஸ்டர் 15 பூஜ்யமா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஓர் இடத்துக்குத் தாவுகிறது. பூஜ்யம் என்றால் எஸ்எஸ்ஓபிரெட்டனை எடுத்து, அதே ரிஜிஸ்டர் 15-இல் போட்டு, அதே இடத்துக்குத் தாவுகிறது! அங்கே போனபின் அது தபால்காரர் சொன்னதா, வீட்டுக்காரர் சொன்னதா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஆர்சி=04’ என்ற ஒரே வரியை அச்சிட்டு, 4 என்றால் அறிக்கை தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறது. இரண்டு குழுக்கள் மூன்று வாரம் சண்டை போட்டதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

இப்போது அந்த சப்=எம்எஸ்டிஆர். ஜெஸ்2-இன் கீழ் இல்லாமல், இசட்ஓஎஸ்-இன் சொந்த மாஸ்டர் சப்சிஸ்டத்தின் கீழ் தொடங்கு என்று அதற்குப் பொருள். உங்கள் புரோகிராம் எந்த சப்சிஸ்டத்தை அழைக்கிறோம் என்று தானாகச் சொல்வதில்லை. எஸ்எஸ்ஓபி-யில் எஸ்எஸ்ஐபி-க்கான முகவரியைப் பூஜ்யமாகவே விட்டிருக்கிறது. அப்படி விட்டால், அந்த ஜாப் எந்த சப்சிஸ்டத்தின் கீழ் தொடங்கியதோ அதற்கே கேள்வி போகும். இவ்வளவு வருடமும் ஜெஸ்2-இன் கீழ் தொடங்கியது, ஜெஸ்2-க்குப் போனது. இப்போது மாஸ்டர் சப்சிஸ்டத்தின் கீழ் தொடங்குகிறது, கேள்வி மாஸ்டருக்குப் போகிறது. மாஸ்டரிடம் ஸ்பூல் கிடையாது, 79-ஐ அது செய்வதும் இல்லை. ஒவ்வொரு சப்சிஸ்டத்துக்கும் 256 பைட் கொண்ட ஒரு பட்டியல் உண்டு, ஒரு செயல் எண்ணுக்கு ஒரு பைட். அங்கே பூஜ்யம் இருந்தால் இன்டர்ஃபேஸே 4 என்று சொல்லித் திருப்பிவிடும். மூன்று வாரமாக உங்கள் ஜெஸ்2-ஐ யாரும் எதுவும் கேட்கவே இல்லை. சிஸ்அவுட் டிடி ஏறாமல் போனதற்கும் காரணம் இதேதான். உங்கள் புரோகிராம் ஓடுகிற நினைவக இடத்துக்கு (அட்ரஸ் ஸ்பேஸ்) ஜெஸ்2-ஓடு உறவே இல்லை.

இதை என் பேச்சை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களே பாருங்கள். நிரலில் இரண்டு எண்களையும் தனித்தனியாக, பதினாறடிமானத்தில், செயல் எண்ணோடு அச்சிடுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் எஸ்எஸ்ஓபிரெட்டனை எஃப்எஃப் என்று நிரப்பிவிடுங்கள். திரும்பி வரும்போதும் எஃப்எஃப் அப்படியே இருந்தால் உள்ளே யாரும் அதைத் தொடவில்லை என்று தெரிந்துபோகும். உங்களுக்கு ரிஜிஸ்டர் 15-இல் 4, எஸ்எஸ்ஓபிரெட்டனில் முழுக்க எஃப்எஃப் என்று வரும் என்று எதிர்பார்க்கிறேன். கூடவே டிஸ்ப்ளே எஸ்எஸ்ஐ கட்டளையை ‘ஆல்’ என்று சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு சப்சிஸ்டமும் எந்தெந்தச் செயல் எண்களை ஏற்கிறது என்று கன்சோலிலேயே வரும். இரண்டு குழுவையும் கூட்டி வைத்து அந்தத் திரையைக் காட்டுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. சப்=எம்எஸ்டிஆர் இருந்தே ஆக வேண்டும் என்றால், புரோகிராம் முதலில் 20ஆம் எண் செயலால் ஜெஸ்2-இடம் ஒரு ஜாப் எண் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் அதே சப்சிஸ்டம் பெயரை எஸ்எஸ்ஐபி-யில் போட்டு 79-ஐ அழைக்க வேண்டும். முடிந்ததும் 21-ஆல் அந்த எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு வழி, ஸ்டார்ட் கட்டளையில் சேர்த்ததை எடுத்துவிடுவது. நான் இதைத்தான் சொல்வேன். ஸ்பூலிலிருந்து எடுப்பது மட்டுமே வேலையாக உள்ள ஒரு புரோகிராமுக்கு, ஜெஸ்2 எழுந்திருக்கும் முன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எதை எடுத்தாலும் சரி, அந்த ஒற்றை ‘ஆர்சி’ வரியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தரவு மையத்தில் இருந்தேன். அங்கே 79 புழக்கத்துக்கு வரவில்லை, 1ஆம் எண் செயலால்தான் ஸ்பூலிலிருந்து எடுப்போம். நான் எழுதிய நிரல் எஸ்எஸ்ஓபிரெட்டனை மட்டும் பார்த்தது, ரிஜிஸ்டர் 15-ஐப் பார்க்கவில்லை. ஒரே நினைவகப் பகுதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் பழைய பூஜ்யம் அதில் அப்படியே தங்கியிருந்தது. துணை ஜெஸ்2 ஒன்று இயக்கத்தில் இல்லாத மூன்று இரவுகளில், ரிஜிஸ்டர் 15 ஒவ்வொரு முறையும் 8 என்று சொல்லியும், என் நிரல் ‘எல்லாம் எடுத்தாயிற்று’ என்று எழுதியது. மூன்று நாள் பிரீமியம் ரசீதுகள் அச்சாகவில்லை. பாலிசி காலாவதி ஆகிவிட்டதோ என்று பதறி ஃபோன் செய்த முதியவர்களின் குரலை, அழைப்புகளை எடுத்த சக ஊழியர் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த நிரலிலும் இரண்டு எண்களை ஒன்றாகக் கலந்ததில்லை.

நாங்களே எழுதிய இரண்டு புரோகிராம்கள், ஒரே பயனர், ஒரே ரிசோர்ஸ் பெயர். யாருக்கு எதில் அனுமதி என்று பார்க்கும் ராக்எஃப்-இடம் கேட்டால் இரண்டுக்கும் 4 வருகிறது. ஆனால் ஒரு புரோகிராம் உள்ளே விடுகிறது, மற்றது தடுக்கிறது. ராக்எஃப் மாற்றி மாற்றிப் பேசுகிறதா? — கோவை வாசகி

ராக்எஃப் மாற்றிப் பேசவில்லை. அது முடிவே சொல்லவில்லை என்பதுதான் அந்த 4-இன் பொருள்.

அனுமதியைக் கேட்கும் ராக்ரூட் மேக்ரோவை அழைத்தால் மூன்று எண்கள் வருகின்றன. ரிஜிஸ்டர் 15-இல் இருப்பது, புரோகிராமுக்கும் ராக்எஃப்-க்கும் இடையில் நிற்கும் சாஃப் என்ற நடு அடுக்கின் பதில். ராக்எஃப்-இன் சொந்த ரிட்டர்ன் கோடும் ரீசன் கோடும் பாராமீட்டர் பட்டியலின் தொடக்கத்தில் இருக்கும். சாஃப் 0 என்றால் விடலாம், 8 என்றால் விடக் கூடாது. 4 என்றால் எனக்கு முடிவு சொல்ல வழியில்லை, கேட்ட நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் இரண்டு புரோகிராம்களை எழுதியவர்கள் அந்த முடிவை இரண்டு விதமாக எடுத்திருக்கிறார்கள். ஒருவர் ‘8 இல்லையே, விடலாம்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ‘0 இல்லையே, விடக் கூடாது’ என்று எழுதியிருப்பார்.

முடிவு ஏன் வரவில்லை என்று அறிய உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். சாஃப் 4, ராக்எஃப் 4 என்றால் அந்த ரிசோர்ஸ் பாதுகாக்கப்படவில்லை. அதற்கான ப்ரொஃபைல் (யாருக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு) இல்லை என்பது வழக்கமான காரணம். சாஃப் 4, ராக்எஃப் 0 என்றால் கேள்வி ராக்எஃப் வரை போகவே இல்லை. முதல் கடிதக்காரரின் கதைதான் இங்கேயும், ஆள்தான் வேறு. அந்தப் பூஜ்யத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்து ‘அனுமதி உண்டு’ என்று முடிவு செய்த நிரலை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு விஷயத்தில் அதைவிட ஆபத்தான வாசிப்பு வேறில்லை.

ப்ரொஃபைல் இல்லாதபோது எப்போதுமே 4 வரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும், அதாவது ரிசோர்ஸ் வகைக்கும், இயல்பான ரிட்டர்ன் கோட் ஒன்று கிளாஸ் பட்டியலில் வரையறுக்கப்பட்டிருக்கும். சில கிளாஸ்களில் அது 8. அதனால் ஒரு கிளாஸில் சோதித்துவிட்டு இன்னொரு கிளாஸிலும் அப்படியே இருக்கும் என்று எழுதக் கூடாது.

உங்கள் சொந்த நிரல்களில் 4-ஐத் தடையாகவே நடத்துங்கள். ஆனால் நாளை காலையிலேயே அப்படி மாற்றிவிட்டால், இத்தனை நாள் ப்ரொஃபைல் இல்லாமலே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். முதலில் அந்த ரிசோர்ஸ்களை மூடுகிற ஒரு பொது ப்ரொஃபைலை, எல்லோருக்குமான அனுமதி ‘நன்’ (எதுவும் இல்லை) என்று வைத்து, வார்னிங் முறையில் போடுங்கள். அனுமதி இல்லாதவர்களையும் அது உள்ளே விடும், ஆனால் யார் வந்தார்கள் என்று செய்தி எழுதும். ஒரு மாதக் கடைசி, முடிந்தால் ஒரு காலாண்டுக் கடைசி கடக்கும்வரை அந்தச் செய்திகளைச் சேருங்கள். தேவையானவர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு வார்னிங்கை எடுங்கள். அப்போது ராக்எஃப் 0 அல்லது 8 என்று தெளிவாகச் சொல்லும். உங்கள் இரண்டு புரோகிராம்களும் ஒரே பதிலைத் தரும்.

ஜாப்பின் படிகளை (ஸ்டெப்களை) எழுதும் ஜெசிஎல் மொழியில், முதல் ஸ்டெப் 4 அல்லது அதற்குக் கீழே முடிந்தால் மட்டும் இரண்டாவது ஓட வேண்டும் என்று காண்ட்=(4,ஜிடி) என்று போட்டேன். முதல் ஸ்டெப் 0-இல் முடிந்தால் இரண்டாவது ஓடவில்லை. 8-இல் முடிந்தால் ஓடுகிறது! ஏன்? — பயிற்சியில் இருக்கும் ஒரு வாசகர், மதுரை

காண்ட் கேட்பது ‘எப்போது ஓட வேண்டும்’ என்று இல்லை, ‘எப்போது தவிர்க்க வேண்டும்’ என்று. ஒப்பீட்டிலும் நீங்கள் எழுதிய எண்தான் முதலில் வரும். ‘4 பெரிது, வந்த எண்ணைவிட’ என்பது உண்மையானால் ஸ்டெப்பைத் தவிர். 0 வந்தால் அது உண்மை, தவிர்த்தது. 8 வந்தால் பொய், ஓடியது. நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. காண்ட்=(4,எல்டி), அதாவது ‘4 சிறிது’, என்று மாற்றினால் நீங்கள் நினைத்தது நடக்கும்.

நான் பயிற்சி கொடுத்த காலத்தில் இதற்காக யாரையும் திட்டியதில்லை. பத்து வருட அனுபவம் உள்ளவர்களும் நடுராத்திரியில் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். புதிதாக எழுதும் ஜெசிஎல்-இல் இஃப் – தென் பயன்படுத்துங்கள். ‘முதல் ஸ்டெப்பின் ஆர்சி 4 அல்லது அதற்குக் கீழ் என்றால்’ என்று பேசுகிற வரிசையிலேயே எழுதலாம், எந்த ஸ்டெப்பின் எண் என்று பெயரும் சொல்லலாம்.

நீங்கள் போட்ட மாதிரி ஸ்டெப் பெயர் சொல்லாத காண்ட், முன்னால் ஓடிய எல்லா ஸ்டெப்களின் எண்களோடும் ஒப்பிடும். பெயர் சொல்லிப் போட்டாலும் ஒரு பொறி உண்டு. பெயர் சொல்லப்பட்ட ஸ்டெப் ஏற்கெனவே தவிர்க்கப்பட்டிருந்தால் ஒப்பிட எண்ணே இல்லை. அப்போது அந்தச் சோதனை நடக்காது, உங்கள் ஸ்டெப் ஓடிவிடும். மூன்று ஸ்டெப் உள்ள ஒரு ஜாப் எழுதி, நடுவில் இருப்பதைத் தவிர்க்கவைத்து, மூன்றாவது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜாப் லாகில் மூன்று ஸ்டெப்புக்கும் என்ன வந்தது என்று எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.